நாற்பது வாய்கள்

எண்ணித்தான் போட்டேன். நாற்பது.
உள்ளங்கை அகலத்தில் ஒரு மரப்பெட்டி,
அதன் வாயில் சல்லாத்துணி.
மூன்று வாரம் பட்டினி போட்ட வின்சூக்காக் குஞ்சுகள்
உங்கள் முன்கையின் சூடு தெரிந்ததும்
துணியின் கண்களுக்குள் மூக்கை நீட்டின.

சிரித்தீர்கள், செனோபியோ.
"வீட்டுச் சுவரில் சும்மா கடிப்பதை
லாரி ஏறிக் கோச்சபம்பா வந்து
வரிசையில் நின்று கடிக்கக் கொடுக்கிறேன்."

அரை மணி நேரம்.
வலிக்காது. வலிக்காததுதானே இதன் தந்திரம்.
தகடாய் இருந்தவை திராட்சையாய் உப்பின.
எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டீர்கள்.
மொட்டைமாடியில் வளர்க்கிறோம்,
கர்னல் என்று ஒரு கோழி, அதன் ரத்தத்தில்.
கோழிக்கு இந்த நோய் ஒட்டாது.
அதனால் இவை சுத்தம்,
ஞானஸ்நானம் முடிந்த குழந்தைகள் மாதிரி.

உங்கள் ரத்தத்தை ஆறு கண்ணாடியில் தேய்த்துப் பார்த்துவிட்டேன்.
ஒன்றுமில்லை.
இருபது வருடத்துக்கு முன் நுழைந்தது
இதயத் தசைக்குள் கதவடைத்துக் கிடக்கலாம்;
எப்போதாவது ஒன்று வெளியே வந்தால்
பூச்சி குடிக்கும், அதன் குடலில் ஒன்று ஆயிரமாகும்,
ஆயிரமான பிறகு என் லென்சுக்கும் தெரியும்.
பாம்பின் கால் பாம்பறியும் என்பது
இந்த அறையில் பழமொழி இல்லை, செய்முறை.

பெட்டியை அவிழ்த்தேன். எண்ணினேன்.
முப்பத்தொன்பது.

மேசைக்கடியில், உங்கள் தொப்பிக்குள், என் மேலங்கி மடிப்பில்
இருட்டும்வரை தேடினோம்.
டாக்டர் அர்தயா பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினார்:
ஒன்று குறைவு.
பக்கத்தில் என் பெயர்.

முப்பதாம் நாள்.
ஒவ்வொன்றாய் வயிற்றை அழுத்தி
ஒரு சொட்டுக் கழிவு, ஒரு சொட்டு உப்புநீர்,
மேலே கண்ணாடிச் சில்லு.
முப்பத்தொன்பது தடவையும் வெறும் தண்ணீர்.
எழுதக் கை வரவில்லை.
இல்லை என்பதையும் காணவில்லை என்பதையும்
எங்கள் படிவத்தில் ஒரே கட்டத்தில்தான் எழுதவேண்டும்.

அன்று மதியம் வந்தீர்கள்.
சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டி.
"உங்களுடையது. கை மடிப்பில் ஏறி
மிஸ்கே வரை வந்துவிட்டது.
பெண்டாட்டி நசுக்கப் போனாள்,
அரசாங்கத்துப் பூச்சி, விடு என்றேன்.
வாரம் ஒருமுறை என் கையில்தான் சாப்பாடு."

ஒரு தடவை தோலுரித்திருந்தது.
உரித்த தோலையும் பத்திரமாய் வைத்திருந்தீர்கள்.
அழுத்தினேன்.
உப்புநீரில் துள்ளின,
உதிர்ந்த இமை முடிகளுக்கு உயிர் வந்ததுபோல்,
போக இடம் தெரியாமல் எல்லாத் திசையிலும்.

டாக்டர் கேட்டார்: இது நம் பூச்சிதான் என்பதற்கு
என்ன அத்தாட்சி?
அவர் வீட்டுச் சுவரில் இதே முகத்தோடு ஐந்நூறு இருக்குமே.
நியாயமான கேள்வி.
நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.
நான் தீப்பெட்டியைப் பார்த்தேன்.

மறுபடியும் கட்டினோம், புது நாற்பது.
அடுத்த அறையில் மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி;
ஒரு பையன் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான்.
"இதற்கும் அப்படி ஒன்று இருக்கிறதா?"
இன்னும் இல்லை.
"பூச்சிக்கு இந்த நோய் வருமா?"
பெரிதாய் ஒன்றும் செய்யாது. சுமக்கும், அவ்வளவுதான்.
"கழுதை" என்றீர்கள், கோபமில்லாமல்,
கையை அசைக்காமல்.

அந்த நாற்பதில் இரண்டு பேசின.
அறுபது நாள் மாத்திரை.

இப்போது பட்டை வந்துவிட்டது.
விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு,
காப்பி ஆறுவதற்குள் இரண்டு கோடு.
எதுவும் எங்கும் ஓடிப்போகாது.
நல்லதுதான். சந்தேகமே இல்லை, நல்லதுதான்.
கர்னல் வயதாகிச் செத்தது; யாரும் சூப் வைக்கவில்லை.
பழைய பதிவேடுகளைக் கட்டி எடைக்குப் போடச் சொன்னார்கள்.
கட்டுவதற்கு முன் புரட்டினேன்.
சிவப்பு மையில், ஒன்று குறைவு.
அதற்குக் கீழே, முப்பது நாள் தள்ளி,
என் நீல மையில், யாரிடமும் கேட்காமல் எழுதியது:
வந்து சேர்ந்தது.